ஐம்பத்தாறாவது பந்தி

பொள்ளாச்சிப் பக்கம் தலையாட்டிப்பாளையம்னு ஒரு ஊர். தேடிப் போகாதீங்க, கிடைக்காது. அந்த ஊர்க்காரங்களே சில நாள் வழி கேட்டுத்தான் வீடு போய்ச் சேருவாங்க. யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவாங்க. ஆட்டிட்டு, சொன்னதை அப்படியே செய்வாங்க. யோசிக்கிறதெல்லாம் மத்த ஊர்க்காரங்க வேலை.

அந்த ஊரில் மூணு பேர் சேர்ந்து ‘தென்னை மன்றம்’னு ஒரு வலைத்தளம் நடத்தினாங்க. தலைவர் செங்கோடன். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது; ஆனா கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறதுக்கு அவரை விட்டா ஆளில்லை. தொழில்நுட்பப் பொறுப்பு பூவாத்தாக்கா. அவங்க போனுக்கு ஸ்டாண்டு இருந்துச்சு, அதனால அந்தப் பொறுப்பு. செயலாளர் நாச்சிமுத்து. அவருக்கு நாற்பத்தெட்டுத் தென்னை மரம் இருந்துச்சு. வேற தகுதி எதையும் யாரும் கேட்கல.

மரத்துக்கு நோவு வந்தா படம் எடுத்து மன்றத்தில் போடணும், தெரிஞ்சவங்க பதில் எழுதணும். அவ்வளவுதான். மொத்தம் முப்பத்தேழு உறுப்பினர். ஒருத்தர் கேள்வி கேட்பார். மீதி முப்பத்தாறு பேரும் “எனக்கும் அதேதான்”னு எழுதுவாங்க. மன்றம் நிம்மதியா ஓடிட்டிருந்துச்சு.

அப்புறம் வெள்ளை ஈ வந்துச்சு. ஓலையெல்லாம் கறுத்துப் போச்சு. பயந்துபோன தோப்புக்காரங்க எங்கெங்கிருந்தோ மன்றத்துக்கு ஓடி வந்தாங்க. மூணே மாசத்தில் பதினோராயிரம் பேர். தளம் திணறிப் போச்சு. ஒரு பக்கத்தைத் தொட்டுட்டு, போய் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, ஒரு காபியும் குடிச்சுட்டு வந்தா பாதித் தென்னை தெரியும். மீதிப் பாதிக்கு இன்னொரு காபி.

நாச்சிமுத்துவுக்கு ஈ ஒரு பக்கம், அதைவிடப் பெரிய கவலை இன்னொரு பக்கம். அவர் மரங்களில் காய் பிடிக்கவே இல்லை. பிஞ்சுக் குரும்பையா இருக்கும்போதே கொட்டிட்டிருந்துச்சு. காலையில் தோப்புக்குள் நடந்தா காலடியில் நறநறன்னு சத்தம். ஒருத்தர் வேரில் மோர் ஊத்தச் சொன்னார், ஊத்தினார். இன்னொருத்தர் மரத்துக்கிட்ட அன்பாப் பேசச் சொன்னார். நாற்பத்தெட்டு மரத்துக்கிட்டயும் தனித்தனியா நலம் விசாரிச்சார். பதிலுக்குக் குரும்பைதான் விழுந்துச்சு. கடைசியில் அவர் வீட்டம்மா, “இந்தத் தடவையும் சரியாகலைன்னா மரத்தையெல்லாம் வெட்டிச் சூளைக்கு அனுப்பிருவேன்”னு சொல்லிட்டாங்க. அந்த அம்மா வேற ஊர்க்காரங்க. சொன்னா செய்வாங்க, யோசிச்சுட்டுச் செய்வாங்க.

அந்த நேரத்தில்தான் ஆராய்ச்சி நிலையத்துத் தென்னை டாக்டர் தமயந்தி, வியாழக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பன்னண்டு வரைக்கும் மன்றத்துக்கு வந்து எல்லாருக்கும் பதில் எழுதறதா ஒத்துக்கிட்டாங்க. மறுநாள் அவங்களுக்கு வேற மாநிலத்துக்கு மாற்றல். ஆக, அந்த ரெண்டு மணி நேரம்தான். அதுக்கு அப்புறம் யாரைப் பிடிக்கிறது?

டாக்டரம்மா மட்டும் பதில் எழுதற பக்கத்தில் நாச்சிமுத்து முதல் ஆளா கேள்வியைப் போட்டு வச்சார். கேள்வி எண் ஒண்ணு: “குரும்பை கொட்டுதுங். என்ன மருந்துங்?”

இப்போ ஒரே ஒரு சந்தேகம்தான். வியாழக்கிழமை தளம் தாங்குமா?

கோயம்புத்தூரில் சர்வரை வாடகைக்கு விடுற கம்பெனிக்குப் போன் போட்டாங்க. மேகலான்னு ஒரு பொண்ணு எடுத்துச்சு. மூணு பேரும் ஒரே போனைச் சுத்தி நின்னு கும்பிட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

“சார், உங்க சர்வர் ரொம்பச் சின்னதுங்க. முப்பத்தேழு பேருக்குன்னு எடுத்தது. பெரிசா ஒண்ணு எடுத்துக்கோங்க.”

“பெருசுன்னா அத எங்கீங் வைக்கறது?” என்றார் செங்கோடன்.

“அது எங்ககிட்டயே இருக்கும் சார்.”

“உங்களுக்கு எடம் பத்துமா அம்மிணி?”

“பத்தும் சார்.”

செங்கோடன் போனைக் கையால் பொத்திட்டு மத்த ரெண்டு பேரையும் பார்த்தார். “ரெண்டு வருசமா நமக்காக உழைச்ச சர்வரு. ஒரு கஷ்டம்னு வந்ததும் கைவிட்டுட்டுப் பெருசுக்குப் போறதா? நாளைக்கு நமக்கு வயசானா நம்மளையும் இப்படித்தான பண்ணுவாங்க?”

பூவாத்தாக்காவுக்குக் கண் கலங்கிப் போச்சு. மூணு தலையும் ஆடுச்சு. பெரிய சர்வர் வேண்டாம்னு முடிவாச்சு.

மேகலா பெருமூச்சு விட்டுச்சு. “சரி சார். அப்போ பாரத்தையாவது குறைங்க. உங்க ஆளுங்க போடற படம் ஒவ்வொண்ணும் ஆறு எம்பி இருக்கு. சின்னதாக்கிப் போடச் சொல்லுங்க.”

“அவ்வளவுதானுங்களா!” என்றார் செங்கோடன். அன்னைக்கே மன்றத்தில் அறிவிப்பு வந்துச்சு: ‘இனிமேல் மரம் சின்னதாகத் தெரிய வேண்டும். தூரத்தில் நின்று படம் எடுக்கவும்.’

உறுப்பினர்களும் சும்மா சொல்லக் கூடாது, தலையாட்டிப்பாளையத்துக்குத் தகுந்த ஆளுங்கதான். ஒருத்தர் தண்ணித் தொட்டி மேல ஏறி எடுத்தார். உடுமலைக்காரர் ஒருத்தர் பக்கத்துக் கரட்டு மலை உச்சிக்கே போய், கீழ தெரிஞ்ச மொத்த ஊரையும் எடுத்துப் போட்டுட்டு எழுதினார்: ‘இடது ஓரத்தில் மூன்றாவது புள்ளி என் மரம். என்ன நோய் என்று சொல்லவும்.’ அதுக்குக் கீழே வரிசையா முப்பத்தாறு பேர், “எனக்கும் அதேதான்.”

மரம் சின்னதாச்சு, உண்மைதான். படம் சின்னதாகல. வானம், கரடு, ரெண்டு கொக்கு எல்லாம் சேர்ந்து ஏழு எம்பி ஆச்சு.

மறுபடி போன். மேகலா இந்தத் தடவை மெதுவா, குழந்தைக்குச் சோறு ஊட்டுற மாதிரி சொல்லுச்சு. “சார், ஒரே பக்கத்தை ஆயிரம் பேர் கேட்டா, சர்வர் ஆயிரம் தடவை புதுசா அதைத் தயார் பண்ணுது. அதான் மூச்சு வாங்குது. எந்தப் பக்கத்தை எல்லாரும் அதிகமாத் திறக்கறாங்கன்னு பாருங்க. அதைக் காப்பி எடுத்து முன்கூட்டியே தயாரா வச்சுட்டா, கேட்டதும் எடுத்துக் கொடுத்துடலாம்.”

பூவாத்தாக்கா ராத்திரியெல்லாம் உட்காரல, அஞ்சு நிமிஷத்தில் கண்டுபிடிச்சுட்டாங்க. மன்றத்திலேயே அதிகப் பேர் பார்த்த பக்கம் ஒண்ணுதான். ‘தற்போது தளத்தைத் திறக்க இயலவில்லை. சிறிது நேரம் கழித்து முயற்சிக்கவும்.’

அதை ஐந்நூறு காப்பி ஜெராக்ஸ் எடுத்து பஸ் ஸ்டாப் பேக்கரியில் அடுக்கி வச்சாங்க. ஜனங்க வந்து, டீ சொல்லிட்டு, ஆளுக்கொண்ணு எடுத்து நிதானமாப் படிச்சாங்க. மடிச்சுப் பையில் வச்சுட்டுப் போனாங்க. சிறிது நேரம் கழிச்சு மறுபடி வந்து இன்னொண்ணு எடுத்துக்கிட்டாங்க.

“பாத்தீங்களாக்கா,” என்றார் செங்கோடன், “ஒருத்தரும் காத்திருக்கல. கையை நீட்டறாங்க, பக்கம் வந்துருது.”

நாச்சிமுத்து மட்டும் கொஞ்சம் தயங்கினார். “மச்சான், இதுல டாக்டரம்மா பதில் எப்படீங் வரும்?”

“அவசரப்படாதீங்க மாப்ள. மொதல்ல வேகம் வரட்டும். பதில் அப்பறம் வரும்.”

நாச்சிமுத்து தலையை ஆட்டினார். செவ்வாய்க்கிழமை ஆயிடுச்சு. தோப்பில் அன்னைக்கு மட்டும் எழுபது குரும்பை.

மூணாவது போன். மேகலா குரல் மாறிப் போயிருந்துச்சு. வேலையை விட்டுட்டு ஊருக்கே போயிடலாமான்னு யோசிக்கிற குரல். “சார், ஒண்ணே ஒண்ணு சொல்றேன். வேற எதுவும் பண்ணாதீங்க. ஒரே நேரத்தில் இருநூறு பேர் உள்ள இருந்தா உங்க சர்வர் தாங்கும். எல்லாரையும் ஒட்டுக்கா விடாம, இருநூறு இருநூறு பேரா விடுங்க. ஒரு தொகுதி வெளிய போனதும் அடுத்தது. புரிஞ்சுதா சார்? ப்ளீஸ்.”

செங்கோடன் வேட்டியை மடிச்சுக் கட்டினார். அவர் முகத்தில் இருபது கல்யாணத்து வெளிச்சம்.

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாமல்ல அம்மிணி,” என்றார். “இது பந்தி!”

அதுக்கு அப்புறம் யாரும் அவரைப் பிடிக்க முடியல. பந்திக்கு இருநூறு பேர். ஒரு பந்திக்குப் பதினஞ்சு நிமிஷம். பூவாத்தாக்கா போனில் ‘உள்ளே விடு’ன்னு ஒரு பட்டன், ‘வெளியே அனுப்பு’ன்னு ஒரு பட்டன் இருந்துச்சு. அது போதும்.

புதன்கிழமை ஒரு ஒத்திகை பார்த்தாங்க. இருநூறு பேரை உள்ளே விட்டதும் தளம் நல்லாத்தான் ஓடுச்சு. செங்கோடனுக்குத்தான் ஏதோ குறையாத் தெரிஞ்சுது.

“அக்கா, இது பந்தி மாதிரியே இல்லீங்க. உக்காந்திருக்கறவங்களுக்குப் பின்னால ஒருத்தருமே நிக்கலியே?”

“எதுக்குங் நிக்கோணும்?”

“ஏனுங்க்கா, கல்யாணத்துல சேர்ல உக்காந்து ஒருத்தர் பாயசம் குடிக்கறப்ப, அடுத்த ஆள் அந்தச் சேரைப் பிடிச்சுட்டுப் பின்னாலயே நிப்பாரல்ல? அப்பத்தான அவரு சீக்கிரம் எந்திரிப்பாரு? பின்னால ஆளில்லாட்டி சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருப்பாங்க.”

நியாயம். மூணு தலை ஆடுச்சு. ஒவ்வொருத்தருக்குப் பின்னாலயும் நிக்கிறதுக்கு இன்னொரு இருநூறு பேரை உள்ளே விட்டாங்க. நானூறு பேர் ஆனதும் சர்வர் படுத்துடுச்சு. அது எந்திரிக்க ஒன்றரை மணி நேரம் ஆச்சு. பின்னால நிக்கிற ஏற்பாட்டை மனசில்லாம கைவிட்டாங்க. செங்கோடன் அன்னைக்குச் சரியாச் சாப்பிடக்கூட இல்லை.

அடுத்து, யார் யார் எந்தப் பந்தி? அது பெரிய விவாதம்.

“பதினோராயிரத்த இருநூறால வகுத்தா அம்பத்தஞ்சு வருதுங்,” என்றாங்க பூவாத்தாக்கா. “மீதியே இல்ல.”

“மீதி இல்லியா?” செங்கோடன் கையெடுத்துக் கும்பிட்டார். “நல்ல சகுனமுங்.”

மீதி இல்லைங்கிற சந்தோஷத்தில், ஐம்பத்தஞ்சு பந்திக்கு எத்தனை நேரம் ஆகும்னு கணக்குப் போட ஒருத்தருக்கும் தோணல. டாக்டரம்மா இருக்கப்போறது ரெண்டு மணி நேரம். ரெண்டு மணி நேரத்துக்கு எட்டுப் பந்தி. இதைக் கண்டுபிடிக்க அஞ்சாங் கிளாஸ் போதும். ஆனா அந்தக் கூட்டத்தில் அஞ்சாங் கிளாஸ் யாரும் இல்லை.

“மச்சான்,” என்றார் நாச்சிமுத்து, “என்ற கேள்வி ஒண்ணாம் நம்பருங். அப்ப நான் மொதல் பந்திங்களா?”

செங்கோடன் அவரை வருத்தத்தோட பார்த்தார். “கேள்வி ஒண்ணாம் நம்பருதான் மாப்ள. ஆனா ஆளு ஆரு? செயலாளரு. அதாவது வீட்டுக்காரரு. வந்தவங்க எல்லாம் நிக்கறப்ப வீட்டுக்காரரு மொதல் பந்தியில எலையப் போட்டு உக்காந்தா ஊரு காறித் துப்பாதா?”

நாச்சிமுத்து தோப்புப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஆனா மரியாதைன்னு ஒண்ணு இருக்கே. தலையை ஆட்டினார். வீட்டுக்காரங்க மூணு பேரும் ஐம்பத்தாறாவது பந்தி.

“டாக்டரம்மா?” என்றாங்க பூவாத்தாக்கா.

இதுக்குத்தான் ரொம்ப நேரம் ஆச்சு. விருந்தாளின்னா முதல் பந்தி. ஆனா அவங்க வாங்க வரல, கொடுக்க வர்றாங்க. “அப்ப அவங்க சமையல்காரங்க மாதிரிங்,” என்றார் நாச்சிமுத்து. தன் வாயாலதான் சொன்னார், அதையும் குறிச்சுக்கோங்க. “ஊரு ஒலகம் சாப்ட்டு முடிச்ச பின்னாலதானுங் சமையல்காரங்க உக்காருவாங்க.”

“சரியாச் சொன்னீங்க மாப்ள! டாக்டரம்மாவும் அம்பத்தாறு.”

வியாழக்கிழமை காலை நாச்சிமுத்து தோப்பிலேயே ஒரு ஸ்டூல் போட்டு, அது மேல ஸ்டாண்டை வச்சு, அதில் போனை நிறுத்தினாங்க. ஊரிலேயே அங்கேதான் சிக்னல் நல்லாக் கிடைக்கும். சரியா பத்து மணிக்குச் செங்கோடன் துண்டை உதறித் தோளில் போட்டுட்டு, “மொதல் பந்தி! வாங்க, வாங்க!”ன்னு கத்தினார். அங்கே அவங்க மூணு பேரைத் தவிர யாருமில்லை. இருந்தாலும் கத்தினார்.

பூவாத்தாக்கா பட்டனை ஒவ்வொரு தடவையாத் தொட்டு ஒவ்வொருத்தரா உள்ளே விட்டாங்க. இருநூறாவது ஆள் உள்ளே வர்றப்ப மணி பத்து பன்னண்டு. பத்தே காலுக்கு வெளியே அனுப்ப ஆரம்பிச்சாச்சு. அந்தக் கடைசி ஆளுக்குப் பாவம், செருப்பைக் கழட்டறதுக்குள்ள பந்தி முடிஞ்ச மாதிரி.

உள்ளே வந்தவங்க எழுதினாங்க: ‘வந்துவிட்டோம்.’ ‘நாங்களும் வந்துவிட்டோம்.’ ‘டாக்டர் எங்கே?’

பூவாத்தாக்கா பொறுமையாப் பதில் எழுதினாங்க: ‘கடைசிப் பந்தி.’

‘அப்போது எங்களுக்கு யார் பதில் சொல்வது?’

‘முதலில் நீங்கள் முடியுங்கள்.’

இதுக்கு மேல அங்கே உட்கார யாருக்கு மனசு வரும்? ரெண்டாவது பந்திக்கு நூத்தி இருபது பேர். மூணாவதுக்கு முப்பது. நாலாவதுக்கு ஒன்பது பேர், அதில் ரெண்டு பேர் வழி தவறி வந்தவங்க. பதினோரு மணிக்குப் பந்தி காலி.

அப்போ மேகலாவே போன் பண்ணுச்சு. குரலில் உயிர் வந்திருந்துச்சு. “சார், என்ன பண்ணீங்க? சர்வர் அவ்வளவு லேசா ஓடுது! இப்படி நான் பார்த்ததே இல்லை!”

“எல்லாம் உங்க ஆசீர்வாதம் அம்மிணி,” என்றார் செங்கோடன். போனை வச்சுட்டு மார்பை நிமிர்த்தினார். “ஆள் வரலைன்னா வரலைன்னு விட முடியாதுங்க்கா. முறைன்னு ஒண்ணு இருக்குது. ஒவ்வொரு பந்தியாக் கூப்பிட்டுட்டே வாங்க.”

பூவாத்தாக்கா காலிப் பந்தி ஒவ்வொண்ணையும் நிமிஷத்துக்கு ஒண்ணா மூணு தடவை கூப்பிட்டு, மூணு தடவை அனுப்பி வச்சுட்டிருந்தாங்க.

டாக்டர் தமயந்தி பத்து மணிக்கே தளத்தைத் திறந்துட்டாங்க. ‘உங்கள் பந்தி: 56. காத்திருக்கவும்’னு வந்துச்சு. அரை மணி நேரம் காத்திருந்து பார்த்துட்டு நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டாங்க.

“நாச்சிமுத்து சார், எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டியவ நான்தானே? என்னையே வெளிய நிறுத்தி வச்சிருக்கீங்க?”

“நீங்கதானுங் டாக்டரம்மா. ஆனா அத்தன ஜனம் பசியோட நிக்கறப்ப நீங்க மொதல்ல உக்காந்தா உங்களுக்கே ஒரு மாதிரி இருக்காதுங்களா?”

படிச்சவங்களுக்கு இந்த மாதிரி கேள்விக்கெல்லாம் பாடத்தில் பதில் இருக்காது. டாக்டரம்மா, “உங்க தோப்பு எங்க இருக்கு?”ன்னு மட்டும் கேட்டாங்க. நல்லவங்க. வேற யாராவதா இருந்தா போனை வச்சுட்டுப் பெட்டி கட்டப் போயிருப்பாங்க.

பதினொன்றரைக்கு அவங்க கார் தோப்புக்குள் வந்து நின்னுச்சு. இறங்கினாங்க, கீழே சிதறிக் கிடந்த குரும்பையில் ஒண்ணை எடுத்துத் திருப்பிப் பார்த்தாங்க, அண்ணாந்து ஒரு மரத்தைப் பார்த்தாங்க. அரை நிமிஷம்கூட ஆகல.

“இவ்வளவுதானா! பயப்படாதீங்க. எல்லா மரமும் பிழைச்சுக்கும். இதுக்கு என்ன பண்ணணும்னா…”

நாச்சிமுத்து ரெண்டு காதையும் பொத்திக்கிட்டார்.

“சார்?”

“சொல்லீராதீங்க டாக்டரம்மா!” நாச்சிமுத்து கத்தினார். காதைப் பொத்தினவங்க கத்தித்தான் பேசுவாங்க. “இன்னும் நாப்பதாவது பந்திகூட முடியலீங்! எங்களுக்கு முன்னால அத்தன பேர் இருக்காங்க!”

“அங்க யாருமே இல்லையே சார்!”

“இல்லாட்டியும் அவங்க முறை அவங்களுதுதானுங்!”

“மாப்ள, கையை எடுத்துராதீங்க!” செங்கோடன் உணர்ச்சிவசப்பட்டுட்டார். “செயலாளருன்னா இப்படி இருக்கோணும்!” சொல்லிட்டு அவரும் காதைப் பொத்திக்கிட்டார். பூவாத்தாக்கா ஒரு காதைத் தோளில் அழுத்தி, மறு காதில் விரலை விட்டுட்டு, மிச்சமிருந்த கையால் நாப்பத்தொண்ணாவது பந்தியைக் கூப்பிட்டாங்க.

டாக்டரம்மா சொல்லாமப் போகல. மருந்து என்ன, எத்தனை கிராம், எந்த மாசம், வேரில் எப்படி வைக்கணும், எல்லாத்தையும் நிதானமா ரெண்டு தடவை சொன்னாங்க. நாச்சிமுத்துவுக்கு அவங்க வாய் அசையறது மட்டும் தெரிஞ்சுது. தப்பித்தவறி ஏதாவது புரிஞ்சுடப் போகுதேன்னு கண்ணையும் மூடிக்கிட்டார். அந்த மருந்து என்னன்னு இந்தக் கதையில் வராததுக்கு அதுதான் காரணம். கேட்டிருக்க வேண்டிய மூணு பேரும் கேட்கல.

கண்ணைத் திறந்தப்போ கார் கிளம்பின தூசிதான் இருந்துச்சு.

“போயிட்டாங்களாங்?”

“போயிட்டாங்க மாப்ள. ஒரு வார்த்த காதுல வாங்கலியே?”

“ஒண்ணுகூட இல்லீங் மச்சான்.”

செங்கோடன் அவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார்.

பன்னண்டு அடிக்க நாலு நிமிஷம் இருக்கறப்ப பூவாத்தாக்கா எந்திரிச்சு நின்னு குரல் கொடுத்தாங்க. “அம்பத்தாறாவது பந்தி! வீட்டுக்காரங்க, டாக்டரம்மா, எல்லாரும் வாங்க!”

நாச்சிமுத்து முகம் கழுவி, சட்டைப் பித்தானைப் போட்டுட்டு, போனுக்கு முன்னால உட்கார்ந்தார். எத்தனை மாசத்துக் கவலை! கேள்வி எண் ஒண்ணு மேல விரலை வச்சார்.

தொட்டதுதான் தெரியும். மாட்டுக்குத் தண்ணி காட்டல, காபி குடிக்கல, கண்ணைக்கூட இமைக்கல. பக்கம் முழுசா வந்து நின்னுச்சு.

‘குரும்பை கொட்டுதுங். என்ன மருந்துங்? பதில்கள்: 0.’

மூணு பேரும் போன் மேல குனிஞ்சு பார்த்தாங்க.

“பாத்தீங்களா மாப்ள,” என்றார் செங்கோடன், குரல் தழுதழுக்க. “என்ன ஒரு வேகம்!”

“நம்பவே முடியலீங் மச்சான்.” நாச்சிமுத்து மறுபடி தொட்டார். மறுபடி 0. முன்னைவிடச் சீக்கிரமா.

அந்த நேரம் பார்த்து மேலிருந்து ஒரு குரும்பை கழண்டு, ஓலையில் தட்டி, அவர் தோளில் விழுந்து உருண்டுச்சு. பூவாத்தாக்கா கைதட்டினாங்க.

“தம்பி, கவனிச்சீங்களா? நீங்க தொட்டப்பத்தான் அது மேல கழண்டுது. அது கீழ வர்றதுக்குள்ள நம்ம சர்வரு பதில் இல்லைன்னு சொல்லிப் போட்டுது!”

“நெசமாவா?” நாச்சிமுத்துவுக்கு நெஞ்சு விம்முச்சு. “நான் சரியாப் பாக்கலீங்களே! இன்னொருக்கா பாக்கலாங்களா?”

“பாக்கலாம். ஆனா இன்னொண்ணு விழுகோணுமே.”

நாச்சிமுத்து ஒரு விரலைப் போன் மேல தயாரா வச்சுக்கிட்டு, கழுத்து வலிக்க அண்ணாந்து, தன் மரத்தைப் பார்த்துக் கெஞ்சினார்:

“விழு சாமி, விழு… நெறைய விழு!”